என்பிஏ வர்ணனை: கூடை விழுந்த பிறகு கிடைக்கும் எட்டு நொடி எங்கே போகிறது?

#1 டிராப்_கவரேஜ்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2025 ஃபைனல்ஸ் (இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதுவரை பிளேஆஃப்பில் ஹோல்ம்கிரன், ஹார்டன்ஸ்டைன் என்று இரண்டு நெட்டையர்களோடு தொடங்கிக்கொண்டிருந்த ஓக்லஹோமா சிட்டி, அன்று ஹார்டன்ஸ்டைனை பெஞ்சில் வைத்துவிட்டு கேசன் வாலஸை முதல் ஐவரில் இறக்கியது. இண்டியானா முதல் பாதியில் மட்டும் 19 தடவை பந்தைத் தொலைத்தது. அப்படியும் 0.3 நொடி மிச்சமிருக்கும்போது ஹாலிபர்ட்டன் போட்ட ஷாட்டில் 111-110 என்று ஜெயித்தது. நான்காவது ஆட்டத்தில் கோச் டேக்னோல்ட் ஹார்டன்ஸ்டைனைத் திரும்பவும் முதல் ஐவரில் சேர்த்தார். தொடர் 2-2 ஆனது.

பேசுவதற்கு இதைவிட நல்ல விஷயம் எது? சின்ன ஐவரால் என்ன லாபம், ரீபவுண்டில் (தவறிய ஷாட்டைப் பிடிப்பதில்) என்ன நஷ்டம், ஏன் திரும்பப் பழைய ஐவருக்கே போனார்கள்? ஆனால் அந்த வாரம் பேச்சு நிகழ்ச்சிகளில் அதிகம் அடிபட்டது, இரண்டு சின்ன ஊர் டீம்கள் மோதினால் யார் பார்ப்பார்கள் என்பதும், தரையில் ஃபைனல்ஸ் லோகோ வரையாததும்தான்.

யார் கத்துகிறார்கள், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது பழைய புலம்பல். அதை விட்டுவிட்டு, ஆட்டம் நடக்கும்போதே என்ன தவறுகிறது என்று பார்ப்போம். ஒரே ஒரு பொசெஷன், அதாவது ஒரு டீம் கையில் பந்து இருக்கும் ஒரு முறை, போதும்.

பந்துக்காரர் மேலே நிற்கிறார். அவருடைய சென்டர் (நெட்டை ஆள்) வந்து ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது பந்துக்காரரைக் காப்பவரின் வழியில் சுவர் மாதிரி நிற்கிறார். எதிரணி ஆடுவது டிராப். அதாவது அவர்களுடைய சென்டர் மேலே ஏறி வராமல் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழேயே நிற்பார். பந்தைக் காக்கும் கார்டு ஸ்க்ரீனுக்கு மேல் பக்கமாக நழுவி, பின்னாலிருந்து துரத்தி வரவேண்டும். அவர் ஸ்க்ரீனில் மோதி ஒரு நொடி நின்றுவிட்டால், கீழே நிற்கும் சென்டர் ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும். உள்ளே ஓடிவரும் ஆளை மறிக்க எதிர்ப்பக்க மூலையிலிருந்து ஒருவர் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள கட்டம்) வருவார். இவர்தான் லோ மேன். அவர் வந்ததும் மூலை காலி. அங்கே பாஸ் போகிறது, ஷாட், மூன்று புள்ளி.

டிவியில் நமக்குக் கேட்பது: "மூலையில் ஆளையே காணோமே, எப்படி இவ்வளவு காலியாக விட்டார்கள்!" திட்டு வாங்குபவர் லோ மேன். அவரோ தன் வேலையைச் சரியாகச் செய்தவர். தப்பு நடந்தது நாலு நொடிக்கு முன்னால், கோர்ட்டின் இன்னொரு இடத்தில்.

இதைச் சொல்ல நேரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கூடை விழுந்த பிறகு எதிரணி பந்தை உள்ளே போட்டு, பாதிக் கோட்டைத் தாண்ட எட்டு நொடி விதி இருக்கிறது. உள்ளே போட ஓரிரு நொடி. ஆக பத்து நொடிக்குள் விளக்குபவர் பேசி முடித்து, ஆட்டத்தைச் சொல்பவரிடம் மைக்கை விட்டுவிட வேண்டும். "கார்டு ஸ்க்ரீன்ல மாட்டினார், லோ மேன் உதவிக்கு வந்தார், அதனால மூலை திறந்தது." நாலு நொடி ஆகாது. இந்த எட்டு நொடி எங்கே போகிறது என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

#2 ஓபி_வேன்

பாதிப் பழியை ஒளிபரப்பு வேனில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பக்கமும் போடுங்கள்.

நீங்கள் சொன்ன அதே பொசெஷனுக்கு என்ன ரீப்ளே காட்டுவார்கள்? ஷாட் போட்டவரின் இடுப்புக்கு மேல் க்ளோஸ்-அப், அப்புறம் பெஞ்ச் துள்ளுவது, அப்புறம் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரபலம். இந்த மூன்றிலும் ஸ்க்ரீன் இல்லை, லோ மேன் இல்லை. படத்தில் இல்லாததை விளக்குபவர் எப்படி விளக்குவார்? "என்ன ஒரு ஷாட்" என்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

விளக்கத்துக்குத் தேவையான படம் ஒன்றுதான். பாதிக் கோட்டு உயரத்தில் இருக்கும் மெயின் கேமரா, பத்துப் பேரும் தெரியவேண்டும், ஸ்க்ரீன் தொடும் கணத்திலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை. ஐந்து நொடி. தொழில்நுட்பமாக இது மிகச் சுலபமான ரீப்ளே, ஏனென்றால் மெயின் கேமரா எப்போதும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும். வர்ணனையாளர் முன்னால் இருக்கும் பெட்டியில் டாக்பேக் பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் குரல் ஒளிபரப்பில் போகாது, தயாரிப்பாளர் காதுக்கு மட்டும் போகும். "மெயின் கேமரா, ஸ்க்ரீன்லேர்ந்து குடுங்க" என்று சொன்னால் அடுத்த டெட் பாலில் (ஆட்டம் நிற்கும் இடைவெளியில்) தயாராக இருக்கும். நன்றாகத் தயாராகி வருபவர்கள் ஒரு ஆட்டத்தில் திரும்பத் திரும்ப இந்தப் பட்டனைத் தொடுவார்கள். தயாராகாமல் வருபவர் தொடவே மாட்டார். என்ன கேட்பது என்று அவருக்கே தெரியாது.

டெட் பால் பஞ்சமும் இல்லை. ஒவ்வொரு குவார்ட்டரிலும் கடிகாரம் 6:59-க்குக் கீழே போன பிறகு ஒன்று, 2:59-க்குக் கீழே போன பிறகு ஒன்று என்று இரண்டு கட்டாய டைம்-அவுட். இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் சாவகாசமாக அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் இப்போது என்ன வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்: ஸ்பான்சர் வாசகம், அடுத்த வார ஆட்ட விளம்பரம், பெட்டிங் விகிதம்.

கோவிட் சமயத்தில், 2020-21 சீசனில், வெளியூர் ஆட்டங்களைச் சொந்த ஊர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்துச் சொன்ன பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் டைரக்டர் காட்டுவது மட்டும்தான் தெரியும். ஸ்கோரர் மேஜையில் யார் உள்ளே வரக் காத்திருக்கிறார்கள், பந்து இல்லாத பக்கம் யார் யாரிடம் கை காட்டிப் பேசுகிறார்கள், எதுவும் தெரியாது.

#3 ஸ்காபரோ_வாசி

நீங்கள் சொல்லுறது எல்லாம் அமெரிக்காவின்ர தேசிய ஒளிபரப்பைப் பற்றி. உள்ளூர் ஃபீட் (அந்தந்த ஊர் டீமுக்கெண்டு வாற ஒளிபரப்பு) வேற கதை. இஞ்ச டொராண்டோவில ராப்டர்ஸ் ஆட்டத்தை டிஎஸ்என்னும் ஸ்போர்ட்ஸ்நெட்டும் பங்குபோட்டுக் காட்டுகினம். மாட் டெவ்லின் ஆட்டத்தைச் சொல்ல, ஜாக் ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில இருந்து விளக்குவார். பிளாக் விழுந்தா அவற்ற "குப்பையை வெளியில எறி" பாணிச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். மனுசன் கல்லூரி கோச்சா இருந்தவர். பெஞ்சில ஒன்பதாவது ஆள் உள்ள வந்தாலும் அந்தப் பெடியன் எந்தக் கையால டிரிபிள் பண்ணுவான் எண்டு சொல்லுவார். ஒரே டீமை சீசன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு அது வரும். வாரத்துக்கு ஒரு ஆட்டம், வேற வேற டீம் எண்டு பறந்து திரியிற ஆளுக்கு எப்பிடி வரும்?

ஆனா உள்ளூர் ஃபீடில ஒரு குறை இருக்கு. எங்கட பிளேயர் ஃபவுல் பண்ணினா "தொடவே இல்லை", அங்கால ஆள் பண்ணினா "அப்பட்டமான ஃபவுல்". அதைக் கழிச்சுப்போட்டுக் கேக்கவேணும்.

#4 பழைய_பேப்பர்

ஒரு எதிர்க்கருத்து. "அந்தக் காலத்தில் வர்ணனை எவ்வளவு நன்றாக இருந்தது" என்ற பேச்சை முழுசாக நம்ப முடியவில்லை.

2001 வரை என்பிஏவில் ஸோன் டிஃபன்ஸ் (ஆளை விட்டு இடத்தைக் காப்பது) கிடையாது. இல்லீகல் டிஃபன்ஸ் என்று விசில் ஊதுவார்கள். அதனால் ஒரு பக்கம் இரண்டு பேர் ஆட, மறு பக்கம் மூன்று பேர் சும்மா நிற்பார்கள். வர்ணனையாளர் விளக்க வேண்டியது அந்த இரண்டு பேரை மட்டும்தான். 2001-02-ல் ஸோனை அனுமதித்து, கூடவே டிஃபன்ஸிவ் த்ரீ செகண்ட் விதியை (ஆளைக் காக்காமல் பெயின்ட்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது) கொண்டுவந்த பிறகு, பந்து இருக்கும் பக்கத்துக்கு மூன்றாவது, நான்காவது டிஃபண்டரும் சாய ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் மூன்று புள்ளி ஷாட் பெருக்கம். 2014-15-ல் ஒரு டீம் ஆட்டத்துக்குச் சராசரியாக 22 தடவை மூன்று புள்ளி முயன்றது, 2024-25-ல் 37-க்கும் மேல். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் நகரும் ஆட்டத்தை விளக்குவது கஷ்டம். ஆட்டம் ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை. தரம் இறங்கியது என்பதைவிட இது சரி என்று படுகிறது.

அப்படியும் ஈடுகொடுத்தவர்கள் இருந்தார்கள். ஹூபி பிரவுன் 2025 பிப்ரவரி 9 அன்று, 91 வயதில், மில்வாக்கியில் கடைசி ஆட்டத்தைச் சொல்லி ஓய்வு பெற்றார். அவர் பாணியே கேட்பவரைக் கோச் நாற்காலியில் உட்காரவைப்பது. நீ இரண்டு புள்ளி முன்னால் இருக்கிறாய், கடிகாரத்தில் இவ்வளவு இருக்கிறது, உன்னிடம் இத்தனை டைம்-அவுட், இப்போது என்ன செய்வாய் என்று முன்னிலையில் பேசுவார். ஷாட் விழுந்த பிறகு விளக்குவதைவிட விழுவதற்கு முன் சொல்வது அவர் வழக்கம். அது பின்னால் வந்தவர்களிடம் அரிது.

#5 டிராப்_கவரேஜ்

ஸோன் விதி பற்றிச் சொன்னது சரியான திருத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டம் கஷ்டமானால் ஆளைத் தயார்ப்படுத்த வேண்டாமா? என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

2023 ஜூன் கடைசியில் இஎஸ்பிஎன் ஜெஃப் வான் கண்டியை வேலையை விட்டு அனுப்பியது. அடுத்த மாதம் மார்க் ஜாக்சன். ஆட்டத்தைச் சொல்லும் மைக் பிரீனோடு இந்த இருவரும் பல வருஷம் ஃபைனல்ஸ் சொன்னவர்கள். ஆகஸ்டில் அவர்கள் இடத்துக்கு டாக் ரிவர்ஸ், டோரிஸ் பர்க். 2024 ஜனவரியில் ரிவர்ஸ் மில்வாக்கிக்குக் கோச்சாகப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் பிப்ரவரியில் ஜேஜே ரெடிக். ஜூனில் அவர் லேக்கர்ஸ் கோச். அப்புறம் ரிச்சர்ட் ஜெஃபர்சன். 2025-26 தொடங்கும் முன் பர்க்கை மாற்றி டிம் லெக்லர். பிரீன் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், பக்கத்தில் உட்காருபவர்தான் பஸ் ஸ்டாண்ட் மாதிரி மாறிக்கொண்டே இருக்கிறார்.

லெக்லர் நல்ல தேர்வு, வீடியோவை வைத்து விளக்குவதில் பழுத்தவர். பிரச்சினை மாறிக்கொண்டே இருப்பதில். மூன்று பேர் மேஜை என்றால் அந்த எட்டு நொடியை யார் எடுப்பது என்று கையசைவிலேயே முடிவாக வேண்டும். அது கூடிவர ஒரு சீசன் ஆகும். கூடிவராத மேஜையில் இரண்டில் ஒன்று நடக்கும்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அல்லது ஒருவர் சொன்னதையே இன்னொருவர் ஆமாம் போட்டு நீட்டுவார். எட்டு நொடி காலி.

இன்னொன்று, விளக்குபவர் நாற்காலி கோச் வேலைக்கான காத்திருப்பு அறை ஆகிவிட்டது. நாளைக்கு வேலை தரப்போகும் டீமையோ, எதிரில் நிற்கப்போகும் கோச்சையோ இன்றைக்கு எவ்வளவு தூரம் விமர்சிப்பார்?

#6 கிழக்கு_மூலை

இதில் பணம் குறைவு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். முந்தைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 9 வருஷத்துக்கு சுமார் 2,400 கோடி டாலர். 2025-26-ல் தொடங்கியது 11 வருஷத்துக்கு சுமார் 7,600 கோடி டாலர், டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றும் சேர்ந்து. வருஷக் கணக்கில் 267 கோடியிலிருந்து 690 கோடி. இரண்டரை மடங்குக்கு மேல்.

உரிமைக்கு இவ்வளவு கொடுத்த பிறகு கை வைப்பது எங்கே? ஆளில். 2024 செப்டம்பரில் ஸாக் லோவை இஎஸ்பிஎன் வேலையை விட்டு அனுப்பியது. எழுத்திலும் பேச்சிலும் ஆட்டத்தின் உள்விவரத்தை அவரளவு சாதாரண ரசிகருக்குக் கொண்டுபோனவர்கள் அங்கே குறைவு. நியூயார்க் டைம்ஸ் 2023-ல் தன் விளையாட்டுப் பிரிவையே கலைத்து, அதற்கு முந்தைய வருஷம் 55 கோடி டாலருக்கு வாங்கிய விளையாட்டுத் தளமான தி அத்லெடிக்கிடம் அந்த வேலையை ஒப்படைத்தது. இஎஸ்பிஎன்னின் கிராண்ட்லேண்ட் தளம் 2015-லேயே போயிற்று.

மிச்சம் இருப்பது பேச்சு நிகழ்ச்சி. அதன் கணக்கைப் பாருங்கள். ஒரு மேஜை, நாலு நாற்காலி, இரண்டு மணி நேரம், தினமும். வீடியோ வெட்டித் தயாரிக்க ஆள் வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நிமிஷத் துண்டுகளாக வெட்டி யூடியூபில் போடலாம். "லெப்ரானா ஜோர்டனா" என்ற துண்டு ஓடும். "இண்டியானா ஏன் கோர்ட் முழுக்கத் தொடர்ந்து பிரஸ் செய்கிறது" என்ற துண்டு ஓடாது. ஓடாததைச் செய்ய யாருக்கும் சம்பளம் இல்லை.

#7 பெஞ்ச்_ஆறு

டிஎன்டியின் இன்சைட் தி என்பிஏ என்ற பேச்சு நிகழ்ச்சியை மட்டும் யாரும் தொடவில்லையே, பயமா? எர்னி, கென்னி, பார்க்லி, ஷாக். எனக்கும் பிடிக்கும். ஆனால் பார்க்லி இந்த வீரர் எந்த டீம் என்று தெரியாமல் திணறுவதையே ஒரு விளையாட்டுப் பகுதியாக வைத்தவர்கள் அவர்கள். தெரியாததைக் காட்டிச் சிரிக்கவைக்கலாம் என்ற பாடத்தை மற்ற எல்லாரும் அங்கேதான் கற்றார்கள். சிரிக்கவைக்கும் திறமையை மட்டும் கற்கவில்லை.

#8 கிழக்கு_மூலை

ஹா. உண்மை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் கென்னி ஸ்மித் பெரிய திரைக்கு முன்னால் போய் ஒரு பொசெஷனை நிறுத்தி நிறுத்திக் காட்டுவாரே, அதை விட்டுவிட்டீர்கள். 2025-26 முதல் அது இஎஸ்பிஎன்னில் வருகிறது, தயாரிப்பது இன்னும் பழைய டிஎன்டி ஆட்கள்தான்.

#9 சராசரி_57

எண்களைப் பற்றி நான். வர்ணனையில் இப்போது புள்ளிவிவரம் அதிகம், விளக்கம் குறைவு. அதிகம் பார்க்கும் மூன்று தப்புகள்:

முதலாவது, "30 புள்ளி எடுத்தார்" என்பதோடு நிறுத்துவது. 28 ஷாட், 8 ஃப்ரீ த்ரோ போட்டு 30 எடுத்தால் ட்ரூ ஷூட்டிங் (ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்க்கும் ஷாட் திறன்) எவ்வளவு? ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்கினால் 3.52, ஷாட்டோடு கூட்டினால் 31.52, இரண்டால் பெருக்கினால் 63.04. 30-ஐ அதால் வகுத்தால் 47.6 சதவீதம். லீக் சராசரி 57, 58 பக்கம். அதாவது டீமை இழுத்துக் கீழே கொண்டுபோன இரவு. 14 ஷாட், 6 ஃப்ரீ த்ரோவில் 24 எடுத்தவருக்கு 72 சதவீதம். திரையில் பெரிசாக வருவது முதல் ஆள் படம்.

இரண்டாவது, "22 வயதுக்குள் 25 புள்ளி, 8 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், 2 ஸ்டீல் எடுத்த முதல் வீரர்" வகை. எல்லைக்கோட்டை அந்த வீரர் எடுத்த எண்ணுக்குச் சரியாகக் கீழே போட்டால் எவரையும் முதல் வீரர் ஆக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி: எண்கள் 10, 20 என்று வட்டமாக இல்லாமல் கோணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது, சின்ன மாதிரியை (ஸாம்பிள்) வைத்து முடிவுகட்டுவது. 2025 பிளேஆஃப்பில் பாஸ்டன் நியூயார்க்கிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் 20 புள்ளி முன்னிலையிலிருந்து விட்டது. மூன்று புள்ளி ஷாட் முதல் ஆட்டத்தில் 60-க்கு 15, இரண்டாவதில் 40-க்கு 10. மொத்தம் 100-க்கு 25. டிவியில் ஒரு கட்சி "மூன்று புள்ளியை நம்பி வாழ்ந்தால் இப்படித்தான்", இன்னொரு கட்சி "வெறும் துரதிர்ஷ்டம்". இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொன்னது. அந்த சீசனில் பாஸ்டனின் சராசரி கிட்டத்தட்ட 37 சதவீதம். நூறு ஷாட்டுக்கு இயல்பான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 5. ஆக 37-லிருந்து 25 விலகியிருப்பது அந்த 5-இன் இரண்டு மடங்கையும் தாண்டி இருக்கிறது, நூறில் ஒரு தடவைக்கும் குறைவாக நடப்பது. அதே சமயம் ஒரு பிளேஆஃப்பில் 15 தொடர். எங்கோ ஓரிடத்தில் யாருக்கோ இப்படி நடக்காமல் போகாது. சரியான கேள்வி, அந்த 75 தவறிய ஷாட்டில் எத்தனை காலி ஷாட், எத்தனை நியூயார்க் ஸ்விட்ச் செய்து (காக்கும் ஆளை மாற்றிக்கொண்டு) கஷ்டப்படுத்தியது என்பது. பதில் வீடியோவில் இருக்கிறது. லீக்கிடம் வீரர் உடம்பின் 29 இடங்களைத் தொடரும் ஹாக்-ஐ கேமரா 2023-24 முதல் எல்லா அரங்கிலும் ஓடுகிறது. அந்தத் தரவு ரசிகருக்கு எட்டுவது "இவர் இவ்வளவு உயரம் குதித்தார்" என்ற கிராஃபிக்காக.

#10 ஓபி_வேன்

ஒற்றை ஆட்டத்து பிளஸ்-மைனஸை (ஒருவர் உள்ளே இருந்தபோது டீமின் புள்ளி வித்தியாசம்) விட்டுவிட்டீர்கள். "இவர் உள்ளே இருந்தபோது மைனஸ் 14" என்று திரையில் போட்டு ஆளைக் கொல்வார்கள். அந்த நேரத்தில் எதிரணியில் ஒருவர் நாலு மூன்று புள்ளி தொடர்ந்து போட்டிருப்பார், அவரைக் காத்தது வேறொருவராக இருக்கும்.

#11 சராசரி_57

அதுவும்தான். மறந்துவிட்டேன்.

#12 கடைசி_2_நிமிஷம்

விதி அறிவு. இதை யாரும் எடுக்கவில்லை.

ஓடிவரும் வீரர் பந்தைக் கையில் சேகரித்த பிறகு இரண்டு காலடி வைக்கலாம் என்பதுதான் என்பிஏ விதி. சேகரிக்கும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. 2019-ல் விதிப்புத்தக வாசகத்தையே தெளிவாக்கினார்கள். இத்தனை வருஷம் ஆன பிறகும் முன்னாள் வீரர்கள் திரையில் மூன்று கால் எண்ணி "இது டிராவல்" (பந்தோடு நடந்த தப்பு) என்கிறார்கள். ஃபாஸ்ட் பிரேக்கை நிறுத்தவென்றே பிடிக்கும் டேக் ஃபவுலுக்கு 2022-23 முதல் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும். ரெஃப்ரீ முடிவை எதிர்த்துக் கேட்கும் கோச் சேலஞ்சில் முதலாவது ஜெயித்தால் இரண்டாவது கிடைப்பது 2023-24 முதல். டைம்-அவுட் ஏழில் நாலாவது குவார்ட்டருக்கு அதிகபட்சம் நாலு, கடைசி மூன்று நிமிஷத்துக்கு இரண்டு. கடைசி நிமிஷங்களில் கோச் ஏன் டைம்-அவுட்டை வீணாக்குவது போல எடுக்கிறார் என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்: வைத்திருந்தாலும் பறிபோகும்.

லீக் கடைசி இரண்டு நிமிஷ அறிக்கையை 2015 முதல் வெளியிடுகிறது. நெருக்கமான ஆட்டம் ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு நிமிஷத்தில் ஊதியது, ஊதாமல் விட்டது இரண்டையும் ஒவ்வொன்றாகச் சரி, தப்பு என்று குறித்து, காணொளியோடு மறுநாள் போடுவார்கள். ரெஃப்ரீ தோற்கடித்தார் என்று ஒரு மணி நேரம் பேசும் நிகழ்ச்சியில் இந்த அறிக்கையைத் திறந்து காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

#13 ஸ்காபரோ_வாசி

பெட்டிங் பற்றி ஒருத்தரும் வடிவாக் கதைக்கேல்லை. இது எங்கட டீமில நடந்த விசயம் எண்டபடியா சொல்லுறன்.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டு பெட்டிங்குக்கு மாநிலங்கள் அனுமதி குடுக்கக் கதவைத் திறந்து விட்டது. அதுக்குப் பிறகு பெட்டிங் கம்பனிக் காசு ஒளிபரப்புக்குள்ள வந்தது. 2024 ஏப்ரலில ராப்டர்ஸ் வீரர் ஜோன்டே போர்ட்டரை லீக் வாழ்நாள் முழுக்கத் தடை செய்தது. தன்ர உடல்நிலை விபரத்தை பெட் கட்டுற ஆளுக்குக் குடுத்து, மார்ச் 20 ஆட்டத்தில மூண்டு நிமிசம் விளையாடிப்போட்டு உடம்பு சரியில்லை எண்டு வெளியில வந்தவர். அவற்ற எண்கள் குறைவா வரும் எண்டு 80,000 டாலர் கட்டின ஒரு பெட், வெண்டிருந்தா 11 லட்சம் டாலர்.

இப்ப செய்தி பக்கத்துக்கு வாங்கோ. டீமுகள் காயப் பட்டியலை முதல் நாள் பின்னேரம் அஞ்சு மணிக்குக் குடுக்கவேணும். அதுக்கு முன்னமே செய்தியாளர் ஒருத்தர் ட்வீட் போட்டா பெட் விகிதம் நிமிசத்தில ஆடும். 2023 டிராஃப்ட் (டீமுகள் புது வீரர்களைத் தெரிவுசெய்யிற) நாள், செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா இளம் வீரர் ஸ்கூட் ஹெண்டர்சனுக்கு இரண்டாவது இடத்துக்கான வாய்ப்புக் கூடுது எண்ட மாதிரிப் போட்டார். விகிதம் தலைகீழாப் போச்சு. கடைசியில சார்லட் எடுத்தது பிராண்டன் மில்லரை. அப்ப சரானியா ஃபான்டூயல் எண்ட பெட்டிங் கம்பனியோடையும் ஒப்பந்தத்தில இருந்தவர். அவர் வேணுமெண்டு செய்தவர் எண்டு நான் சொல்லேல்லை, ஃபான்டூயலும் தங்களுக்கு முன்கூட்டித் தெரியாது எண்டுதான் சொன்னது. நான் சொல்லுறது, இந்த இருக்கையில ஆர் இருந்தாலும் சந்தேகம் வரும்.

#14 பழைய_பேப்பர்

டாலஸ் லூகா டாஞ்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆண்டனி டேவிஸை வாங்கிய டிரேடு அன்று, 2025 பிப்ரவரி தொடக்கத்தில், அதே சரானியா போட்டதைப் பார்த்து அவர் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. நிஜம்தான் என்று அவரே இன்னொரு பதிவு போட வேண்டியிருந்தது. அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். ஆனால் அடுத்த ஒரு வாரம் யார் முதலில் சொன்னது, யாருக்கு எப்போது தெரியும் என்று பேசிய அளவுக்கு, டாலஸ் டிஃபன்ஸ் கணக்கில் ஆண்டனி டேவிஸ் எங்கே பொருந்துவார் என்று பேசவில்லை. எத்தனை நிமிஷம் முந்தினோம் என்பதே செய்தியின் தரம் ஆகிவிட்டது.

#15 கிழக்கு_மூலை

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று விட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு: இவர்களில் பலருக்கு ஓட்டு இருக்கிறது. எம்விபி (சீசனின் சிறந்த வீரர்), ஆல்-என்பிஏ (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போடுவது ஊடகக்காரர்கள் 100 பேர். ஆல்-என்பிஏவில் இடம் கிடைத்தால் 7 முதல் 9 வருஷ அனுபவம் உள்ள வீரர் தன் டீமிடமிருந்து டீமின் மொத்தச் சம்பள வரம்பில் 30-க்குப் பதில் 35 சதவீதத்தில் ஒப்பந்தம் தொடங்கத் தகுதி பெறலாம். 2024-25 வரம்பு 14 கோடியே 6 லட்சம் டாலர் சுமார். அதில் 5 சதவீதம் முதல் வருஷத்துக்கு மட்டும் 70 லட்சம்.

ஜெய்லன் பிரவுன் 2023-ல் ஆல்-என்பிஏ இரண்டாவது டீமில் வந்தார், அந்தக் கோடையில் 5 வருஷம் 30 கோடியே 40 லட்சம் வரையான ஒப்பந்தம். 2021-ல் ஜேசன் டேட்டம் ஆல்-என்பிஏவில் வரவில்லை, அவருக்கு 3 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அந்த ஓட்டைப் போடுபவர் மேற்குக் கரை ஆட்டங்களைப் பார்க்காமல் மறுநாள் ஹைலைட்ஸில் முடிவெடுத்தால், அது யாரோ ஒருவருடைய சம்பளச் சீட்டில் விழும் கீறல்.

#16 பெஞ்ச்_ஆறு

சரி, அழுதாயிற்று. காலையில் ஐந்து, ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிற நம்ம ஊர் ஆள் என்ன செய்வது? சாம்பார் கொதிக்கிற சத்தத்தில் பாதி வர்ணனை கேட்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

#17 டிராப்_கவரேஜ்

சத்தம் கேட்காமல் இருப்பது நல்லதுதான், கண்ணுக்கு வேலை வரும். பழக்கப்படுத்த ஒரு வழி:

ஆட்டம் முழுக்க வேண்டாம், முதல் குவார்ட்டரின் முதல் ஆறு நிமிஷம் போதும். அதற்குள் ஒவ்வொரு டீமுக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று பொசெஷன் வரும். பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்க்ரீன் வைக்கும் ஆளைக் காக்கும் சென்டரின் காலைப் பாருங்கள். அவர் ஸ்க்ரீன் உயரத்துக்கு ஏறி வருகிறாரா, கீழேயே நிற்கிறாரா, ஆளை மாற்றிக்கொள்கிறாரா? மூன்றில் ஒன்று. நாலைந்து பொசெஷனில் அந்த டீமின் அன்றைய திட்டம் தெரிந்துவிடும். திட்டம் பிடிபட்ட பிறகு எதிர்ப்பக்க மூலையில் இருக்கும் லோ மேனைப் பாருங்கள், அவர் எப்போது பெயின்ட்டுக்குள் கால் வைக்கிறார் என்று. பெரும்பாலான காலி ஷாட்டுக்கு விதை அங்கே இருக்கும்.

தாளில் நாலு கட்டம்: என்ன டிஃபன்ஸ், லோ மேன் யார், ஷாட் எங்கிருந்து, விழுந்ததா. இரண்டாவது பாதி தொடங்கும்போது இதே ஆறு நிமிஷத்தைத் திரும்பச் செய்தால் ஹாஃப்டைமில் கோச் எதை மாற்றினார் என்று தெரியும். அதைத்தான் மூன்றாவது குவார்ட்டர் முடிவில் கோச்சிடம் மைக்கை நீட்டிக் கேட்க வேண்டும். ஆனால் டிவிக்காரர்கள் கேட்பது "இந்த உத்வேகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்".

ஆட்டம் முடிந்த பிறகு என்பிஏ தளத்தில் பிளே-பை-பிளே பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வீடியோ துண்டு இருக்கும், காசு கிடையாது. சந்தேகம் வந்த பொசெஷனை மட்டும் திரும்பப் பாருங்கள். எண்ணுக்கு கிளீனிங் தி கிளாஸ் தளம், முடிவு தெரிந்த பிறகு சும்மா ஆடும் நிமிஷங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடும். பேசிக் கேட்க வேண்டுமானால் யூடியூபில் பென் டெய்லரின் திங்கிங் பாஸ்கெட்பால்.

#18 பழைய_பேப்பர்

புது ஒப்பந்தத்துக்காரர்களையும் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லலாம். என்பிசி சில ஆட்டங்களில் இரண்டு விளக்குபவர்களை ஆளுக்கொரு பெஞ்ச் பக்கம் உட்காரவைக்கிறது. யோசனை நல்லது, டைம்-அவுட்டில் என்ன பேசினார்கள் என்று அந்த இடத்திலிருந்தே சொல்லலாம். ஆபத்தும் அதேதான்: பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கோச்சைப் பற்றி யார் கசப்பாகப் பேசுவார்?

#19 பெஞ்ச்_ஆறு

லீக் பாஸில் (என்பிஏவின் இணைய ஒளிபரப்புச் சந்தா) ஹோம் ஃபீடா, அவே ஃபீடா? எதைப் போடுவது?

#20 ஸ்காபரோ_வாசி

எந்த டீமைப் படிக்கவேணுமோ அந்த டீமின்ர ஃபீட். முதல் பாதி ஒண்டு, இரண்டாவது பாதி மற்றது எண்டு மாத்திப் போட்டா இன்னும் நல்லம். ஒரே ஃபவுலுக்கு இரண்டு பக்கமும் என்ன சொல்லுகினம் எண்டு கேட்டா சிரிப்பா இருக்கும். தேசிய ஒளிபரப்பு ஆட்டத்தில பெரும்பாலும் இந்தத் தெரிவு இராது, அதில சாம்பாரைக் கவனியுங்கோ.